ரோத்தன்பர்க் மதில் நகரம்: போருக்குப் பின் எழுப்பப்பட்ட பகுதியையும் பழைய நகரம் என்று கொள்ளலாமா?

வைகைக்கரை (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோர் மே மாதக் கடைசியில் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருகின்றனர். அப்பா பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும் சுவர் எதனால் கட்டப்பட்டது, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் முதலில் கேட்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சமதரையில் நன்றாக நடப்பார், படியேறுவதுதான் சிரமம். இடைக்கால மதில் சூழ்ந்த ஊர் ஒன்றை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று ரோத்தன்பர்க்கைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். ஆனால், அந்த ஊரில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போருக்குப் பின் கட்டியது என்றும், உண்மையான பழைய ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் நோர்ட்லிங்கனுக்கோ டிங்கெல்ஸ்பூலுக்கோ போவதே நல்லது என்றும் உடன் பணிபுரியும் ஜெர்மானிய நண்பர் சொல்கிறார். அது எந்த அளவுக்குச் சரி? ஒரே ஊரைத்தான் நிதானமாகப் பார்க்க முடியும் என்றால் எதைப் பார்ப்பது? போய்வந்தவர்களும் அருகில் வசிப்பவர்களும் சற்று விரிவாகச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மதில்நடை

வணக்கம். உங்கள் அப்பா கேட்கும் இரண்டு கேள்விகளுக்கும் கண்முன்னே விடை வைத்திருக்கும் ஊர் ரோத்தன்பர்க். நண்பர் சொன்னதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். முதலில் ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன்; அது பிடிபட்ட பிறகுதான் எது பழையது, எது புதியது என்று பேசுவதில் பொருள் இருக்கும்.

டௌபர் ஆறு ஆழமான பள்ளத்தாக்கில் வளைந்து ஓடுகிறது; ஊர் அதற்குக் கிழக்கே, உயர்ந்த மேட்டில் இருக்கிறது. மேட்டிலிருந்து ஆற்றின் பக்கம் நீண்டிருக்கும் மலைமூக்கில் 1142ஆம் ஆண்டு ஹோஹென்ஸ்டாஃபென் அரச மரபின் மன்னர் மூன்றாம் கொன்ராட் கோட்டை கட்டினார். 1356இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் அது இடிந்துபோனது. இன்று அந்த இடம் பூங்காவாக இருக்கிறது. பிளாசியஸ் சிற்றாலயம் ஒன்றுதான் மிச்சம். இதற்குள் கோட்டையின் அருகே வளர்ந்த ஊர், 1274இல் மன்னர் முதலாம் ருடால்ஃபிடமிருந்து பேரரசுக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட சுதந்திர நகரம் என்ற உரிமையைப் பெற்றுவிட்டது.

மதில் ஒரே மூச்சில் கட்டப்பட்டதன்று. சந்தைச் சதுக்கத்திலிருந்து கிழக்கே நடந்தால், சிறிது தூரத்திலேயே மார்க்குஸ் கோபுரமும் அதை ஒட்டிய ரோடர் வளைவும் தெருவை மறித்து நிற்கும். அதுதான் முதல் மதிலின் எல்லை. அதே தெருவில் மேலும் நடந்தால் ரோடர் வாயில் வரும். அது ஊர் பெருத்த பின் எழுந்த இரண்டாம் மதில். பின்னர், தெற்கே மதிலுக்கு வெளியே இருந்த மருத்துவமனைப் பகுதியையும் சேர்த்துக்கொள்வதற்காக மதில் இன்னொரு முறை நீட்டப்பட்டது. வரைபடத்தில் பார்த்தால் ஊரின் தென்முனை வால் போல் நீண்டிருப்பது இதனால்தான். அந்த முனையில் உள்ள மருத்துவமனைக் கொத்தளத்தை அப்பாவுக்கு அவசியம் காட்டுங்கள். பீரங்கிக் காலத்துக்கென்று கட்டப்பட்ட, எட்டு என்ற எண்ணின் வடிவில் வளைந்து செல்லும் அந்த அரணுக்குள் ஏழு வாயில்களைக் கடக்க வேண்டும். உள்ளே வருவோர்க்கு அமைதியும் வெளியே செல்வோர்க்கு நலமும் வேண்டும் லத்தீன் வரி அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது.

தண்ணீர்க் கதை இன்னும் சுவையானது. ஆறு கீழே இருக்கிறது, ஊர் மேலே இருக்கிறது. முற்றுகை வந்தால் ஆற்றை அடைய முடியாது. அதனால் சந்தைச் சதுக்கத்தின் ஓரத்தில் உள்ள புனித ஜார்ஜ் நீரூற்றுத் தொட்டியை 8 மீட்டர் ஆழத்தில், ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் கொள்ளுமாறு அமைத்தனர். வடக்கே உள்ள கிளிங்கன் வாயிற்கோபுரம் காவலுக்கு மட்டுமல்லாமல் நீர்த்தேக்கக் கோபுரமாகவும் பயன்பட்டது. மாவரைக்கும் ஆலைகள் எல்லாம் கீழே ஆற்றங்கரையில் இருந்தன. எதிரி அவற்றைப் பிடித்துக்கொண்டால் ரொட்டிக்கு மாவு கிடைக்காது என்பதால், 1516இல் மதிலுக்குள்ளேயே குதிரைகள் இழுக்கும் ஆலை ஒன்றைக் கட்டினர். 16 குதிரைகள் நான்கு அரைவைகளைச் சுழற்றியிருக்கின்றன. பருத்த சுவர்களும் செங்குத்தான பெரிய கூரையும் கொண்ட அந்தக் கட்டடம் இப்போது இளைஞர் விடுதியாக இயங்குகிறது.

இவ்வளவும் எப்படி மிஞ்சியது என்பதற்கு விடை, வறுமை. முப்பதாண்டுப் போரின்போது 1631 அக்டோபரில் டில்லி என்ற கத்தோலிக்கத் தளபதியின் படை நகரைப் பிடித்தது. அதன் பிறகு வந்த படைகளும் ஊரைச் சுரண்ட, வணிகம் படுத்துவிட்டது. ஐரோப்பாவின் பிற நகரங்கள் 19ஆம் நூற்றாண்டில் விரிவதற்காக மதில்களை இடித்தன. இந்த ஊருக்கு விரிய வேண்டிய தேவையும் வரவில்லை, இடித்துக் கட்டப் பணமும் இருக்கவில்லை. 1873இல் கிளை ரயில் பாதை வந்தபோதுகூட நிலையம் மதிலுக்கு வெளியே, கிழக்கில்தான் அமைந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

கருங்கல்

மதில்நடை அவர்கள் எழுதியதில் ஒரு வரியையும் நான் மறுக்கவில்லை. ஆனால், வைகைக்கரை கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. 1945 மார்ச் 31 அன்று அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டுகளில் பழைய நகரின் ஏறத்தாழ 40 விழுக்காடு அழிந்தது. ரயில் நிலையத்திலிருந்து வரும் பயணி முதலில் நுழைவது அந்தக் கிழக்குப் பகுதியில்தான். அங்கே பார்க்கும் வீடுகள் 1950களைச் சேர்ந்தவை. பழைய மரச்சட்டக வீடு என்று எண்ணிப் பலரும் படமெடுத்துக்கொள்ளும் கெர்லாக் கொல்லர் பட்டறை வீடும் போரில் அழிந்து மீண்டும் கட்டப்பட்டதே. பார்வையாளருக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

மேலும், ஊரின் நடுப்பகுதி முழுவதும் கடைகளாகிவிட்டது. ஆண்டு முழுவதும் கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள் விற்கும் கடையும், ‘பனிப்பந்து’ என்ற பெயரில் உருட்டிப் பொரித்த மாவுப் பண்டம் அடுக்கிய கண்ணாடி மாடங்களும்தான் பகல் நேரத்தில் கண்ணில் படும். சந்தைச் சதுக்கத்தில் மணிக்கொரு முறை சாளரம் திறந்து, முன்னாள் நகரத் தலைவர் நூஷ் மூன்றேகால் லிட்டர் மதுவை ஒரே மூச்சில் குடித்து டில்லியிடமிருந்து ஊரைக் காத்தார் என்று இரண்டு பொம்மைகள் நடித்துக் காட்டும். அது கதை, வரலாற்று அடிப்படை அதற்கு இல்லை. 1881இல் நாடகமாக மேடையேறிப் புகழ்பெற்றது. பொம்மைகள் 1910இல் வைக்கப்பட்டவை. நோர்ட்லிங்கனில் இப்படி எதுவும் உங்களைக் கையைப் பிடித்து இழுப்பதில்லை. மதில் முழு வட்டமாக நிற்கிறது. முழு வட்டத்தையும் கூரையிட்ட நடைபாதை வழியே, கட்டணமின்றிச் சுற்றிவரலாம்.

மதில்நடை

கருங்கல் அவர்கள் சொன்ன அழிவுக் கணக்கு சரியானது. அந்த நாளில் நடந்ததையும் அதற்குப் பின் நடந்ததையும் முழுமையாகப் பார்த்தால், கிழக்குப் பகுதியை ஒதுக்கித் தள்ளத் தோன்றாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

விமானங்களின் முதல் இலக்கு ரோத்தன்பர்க்கே இல்லை. வேறோர் இடத்தில் இருந்த எண்ணெய்க் கிடங்கைத் தாக்கக் கிளம்பியவை, மூடுபனியால் அது தெரியாமற்போகவே இந்த ஊரின் மேல் குண்டுகளை இறக்கின. ஏறத்தாழ 300 வீடுகளும் ஒன்பது காவல் கோபுரங்களும் 700 மீட்டருக்கு மேற்பட்ட மதிலும் அழிந்தன. 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரண்டு வாரம் கழித்துத் தரைப்படை நெருங்கி வந்தபோது, பீரங்கித் தாக்குதலில் எஞ்சிய ஊரும் போயிருக்கும். அப்போது அமெரிக்கப் போர்த்துறையின் துணைச் செயலராக இருந்த ஜான் மெக்லாய்க்கு இந்த ஊரின் பெயர் தெரிந்திருந்தது. அவருடைய தாய் இங்கே வந்து போனவர். ஊரின் படம் ஒன்று அவர்கள் வீட்டில் இருந்தது. பீரங்கியைப் பயன்படுத்தாமல் ஊரைப் பெற முயலுமாறு தளபதி டெவர்ஸிடம் மெக்லாய் சொன்னார். ஊருக்குள் இருந்த ஜெர்மானியப் படைத்தலைவரும், கடைசிவரை போரிட வேண்டும் என்ற ஹிட்லரின் கட்டளையை மீறி இணங்கினார். 1945 ஏப்ரல் 17 அன்று சண்டையின்றி ஊர் கைமாறியது. மெக்லாய்க்கு நகரம் பின்னாளில் கௌரவப் பட்டம் அளித்துப் போற்றியது.

இனி, கட்டிய விதம். மீண்டும் கட்டியவர்கள் இருந்ததை அப்படியே நகலெடுக்கவும் இல்லை, பல ஜெர்மானிய நகரங்களில் செய்தது போலத் தெருக்களை அகலமாக்கிப் பெட்டிக் கட்டடங்களை நிறுத்தவும் இல்லை. பழைய தெருக்கோடுகளையும் மனை அளவுகளையும் கூரைச் சரிவையும் காப்பாற்றிக்கொண்டு, வீட்டின் முகப்பை மட்டும் எளிமையாக்கினார்கள். மேற்கே ஹெர்ன் தெருவில் படிப்படியாக ஏறும் முக்கோண முகப்புகளும் செதுக்கிய வாயில்களும் கொண்ட செல்வர் வீடுகளைப் பார்த்துவிட்டு, கிழக்கே வந்தால், சாந்து பூசிய வெறும் சுவர், அளவான சாளரம், சிவப்பு ஓடு என்று அடக்கமாக நிற்கும் வீடுகள் தெரியும். நான் இன்ன காலத்தில் கட்டப்பட்டேன் என்று அந்த வீடுகள் மறைப்பதில்லை. சற்று நின்று பார்த்தால், கட்டடம் பற்றி அறிந்த உங்கள் அப்பா யாரும் சொல்லாமலே பழையது எது, புதியது எது என்று பிரித்துச் சொல்லிவிடுவார்.

மதில் மேல் நடக்கும்போது இன்னொன்றும் கவனியுங்கள். கிழக்குப் பக்கச் சுவரில், நடைபாதையை ஒட்டி, கண் மட்டத்தில் சிறு கற்பலகைகள் பதிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஓர் ஊர், சிலவற்றில் ஆண்டு, எத்தனை மீட்டருக்குப் பணம் கொடுத்தார் என்ற அளவு. மதிலைத் திரும்ப எழுப்ப உலகெங்கும் இருந்து நன்கொடை அளித்தவர்களின் பெயர்கள் அவை. ஜெர்மானியப் பெயர்களுக்கு நடுவே அமெரிக்க ஊர்களும் ஜப்பானியப் பெயர்களும் வரிசையாக வரும். குண்டு வீசிய நாட்டின் மக்கள் கொடுத்த பணத்தில் எழுந்த சுவரை இடைக்கால மதிலின் நடுவே தொட்டுப் பார்க்க முடிகிற இடம் எத்தனை இருக்கிறது? போருக்குப் பின் கட்டியது என்பதற்காக இதைத் தவிர்ப்பவர், ஊரின் வரலாற்றில் ஓர் அத்தியாயத்தைத் தானாகவே கிழித்துப் போடுகிறார் என்பது என் உறுதியான எண்ணம்.

உளியோசை

மதிலைப் பற்றி நிறைய வந்துவிட்டது. நான் மரச் சிற்பம் கற்றவள் என்பதால், புனித யாக்கோபு ஆலயத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1311இல் தொடங்கி 1484 வரை கட்டப்பட்ட அந்த ஆலயத்தின் மேற்கு மாடத்தில், டில்மன் ரீமன்ஷ்னைடர் செதுக்கிய திரு இரத்தப் பீடம் இருக்கிறது. போர் அதைத் தொடவில்லை. ரோத்தன்பர்க்கில் ஒன்றை மட்டுமே பார்க்க நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், நான் இதைத்தான் காட்டுவேன்.

இயேசுவின் இரத்தத் துளி என்று போற்றப்பட்ட நினைவுப்பொருளை வைப்பதற்காக நகர மன்றம் இதைச் செய்யச் சொன்னது. சட்டக வேலையை எர்ஹார்ட் ஹார்ஷ்னர் என்ற தச்சர் செய்தார். உருவங்களை 1501 முதல் சில ஆண்டுகள் எடுத்துக்கொண்டு ரீமன்ஷ்னைடர் செய்தார். மரம் லிண்டன், மென்மையானது, உளிக்கு வளைந்துகொடுப்பது. அக்காலத்துப் பீடங்களில் மரத்தைப் பொன்னாலும் நீலத்தாலும் மூடிவிடுவது வழக்கம். இங்கே அப்படி மூடாமல் மரத்தின் நிறத்திலேயே விட்டிருக்கிறார்கள். நிறம் உதவிக்கு வராது என்பதால், துணியின் மடிப்பு, கைநரம்பு, கன்னத்துக் குழி எல்லாவற்றையும் உளி ஒன்றே காட்டியாக வேண்டும்.

நடுவில் கடைசி இராவுணவு. பொதுவாக அந்தக் காட்சியின் நடுவில் இயேசு இருப்பார். இங்கே நடுவில் நிற்பவன், கையில் பணப்பையோடு யூதாஸ். இயேசு சற்று இடப்புறம் தள்ளி இருந்து அவனை நோக்கி அப்பத்துண்டை நீட்டுகிறார். யோவான் குனிந்து இயேசுவின் மடியில் சாய்ந்திருக்கிறார். சுற்றியிருப்பவர்களில் ஒருவர் கீழே, பீடத்தை நோக்கி விரல் சுட்டுகிறார். நம் கண் அந்த விரலைப் பின்பற்றி இறங்கும்போது, வழிபட வந்தவர் மண்டியிடும் இடத்துக்கு வந்து நிற்கும். காட்டிக்கொடுத்தவனுக்கும் அப்பம் நீட்டப்படுகிறது, நீயும் வா என்பதை ஒரு சொல் இல்லாமல் சொல்லியிருக்கிறார் அந்தச் சிற்பி. பேழையின் பின்சுவரில் வட்டக் கண்ணாடி பதித்த சிறு சாளரங்கள் இருக்கின்றன. அவற்றின் வழியே ஒளி புகுந்து உருவங்களின் பின்னால் பரவுகிறது. மேகம் வந்து போகும்போது முகங்களின் தோற்றமும் மாறிக்கொண்டே இருக்கும். சற்று நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டிய பொருள் இது.

கீழே கிழக்குக் கோடியில் 1466இல் ஃப்ரீட்ரிஹ் ஹெர்லின் வரைந்த தலைமைப் பீடம் இருக்கிறது. அதன் கதவுகளின் பின்புறத்தைச் சுற்றிப்போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். புனித யாக்கோபின் கதையைச் சொல்லும் ஓவியத்தில், பின்னணியாக ரோத்தன்பர்க்கின் சந்தைச் சதுக்கத்தையே வரைந்திருக்கிறார். 1501இல் நகர மன்றத்தின் முன்பகுதி எரிந்துபோனது. அந்த இடத்தில் இப்போது நிற்பது 1570களில் எழுந்த மறுமலர்ச்சிக் காலக் கட்டடம். எரிவதற்கு முன் அது எப்படி இருந்தது என்பதை அந்த ஓவியத்தில் பார்த்துவிட்டு, இரண்டு நிமிடம் நடந்து அதே சதுக்கத்தில் நிற்கலாம். ஆக, தீயில் அழிந்து மீண்டும் கட்டுவது இந்த ஊருக்கு 1945இல் தொடங்கியதில்லை.

நடைவண்டி

வழி பற்றிச் சுருக்கமாக. நியூரம்பெர்க்கிலிருந்து அன்ஸ்பாஹ் வழியாக ஷ்டைனாக் வந்து, அங்கே கிளைப் பாதை வண்டிக்கு மாறினால் கால் மணி நேரத்தில் ரோத்தன்பர்க். மூவரும் ஒரே பவேரியா டிக்கெட்டில் (மாநிலத்துக்குள் ஒரு நாள் செல்லும் குழுச் சீட்டு) போகலாம். வார நாள்களில் காலை 9 மணிக்குப் பிறகே அது செல்லும். நிலையத்திலிருந்து ரோடர் வாயிலுக்குப் பத்து நிமிட நடை.

மே மாதக் கடைசி என்கிறீர்கள். பெந்தெகொஸ்தே விடுமுறை வாரக் கடைசியில் அந்த மதுக்கோப்பை நாடக விழா நடக்கும். பழைய உடையில் ஊர்வலம், பாசறை எல்லாம் உண்டு. அதை விரும்பினால் மாதக்கணக்கில் முன்னதாகவே அறை பிடித்துவிடுங்கள். விரும்பாவிட்டால் நாள்காட்டியைப் பார்த்து அந்த நாள்களைத் தவிருங்கள். மற்ற நாள்களில் சுற்றுலாப் பேருந்துகள் காலை பத்து மணி வாக்கில் வந்து மாலையில் கிளம்பிவிடும். கருங்கல் ஐயா குறைப்பட்ட கடைக்கூட்டம் அதோடு முடிந்தது. ஓரிரவு தங்குங்கள். இரவு 8 மணிக்கு ஆங்கிலத்தில் வழிநடத்தும் இரவுக் காவலர் நடை சந்தைச் சதுக்கத்தில் தொடங்குகிறது.

செங்காந்தள்

இந்த இழையில் இன்னும் ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது. ரோத்தன்பர்க்கைப் பார்க்கப் போகும் எவரும் யூதர் தெருவையும் கோட்டைப் பூங்காவில் உள்ள நினைவுக்கல்லையும் பார்க்காமல் திரும்பக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

13ஆம் நூற்றாண்டில் இந்த ஊரின் பெயர் ஐரோப்பா முழுவதும் தெரிந்ததற்கு மதில் காரணமில்லை. ரோத்தன்பர்க்கின் ரப்பி (யூத மதகுரு) மெயிர் என்று அறியப்பட்ட அறிஞர் இங்கே வாழ்ந்து கற்பித்தார். யூதச் சட்டம் பற்றிய ஐயங்களுக்குத் தீர்ப்புக் கேட்டுத் தொலைவான ஊர்களிலிருந்தெல்லாம் அவருக்கு மடல்கள் வந்தன. 1286இல் அவர் நாட்டை விட்டு வெளியேற முயன்றபோது பிடிபட்டு, மன்னர் ருடால்ஃபின் சிறையில் அடைக்கப்பட்டார். ஊருக்கு 1274இல் சுதந்திர உரிமை அளித்த அதே ருடால்ஃப்தான். மெயிரை மீட்கப் பெரும் பணம் திரட்ட யூதர்கள் முன்வந்தனர். தன்னைப் பணம் கொடுத்து மீட்டால், பிற ரப்பிகளையும் பிடித்து வைத்துப் பணம் பறிப்பது வழக்கமாகிவிடும் என்று சொல்லி மெயிர் அதை ஏற்க மறுத்துவிட்டார். 1293இல் சிறையிலேயே இறந்தார். உடலையும் கொடுக்கவில்லை. 14 ஆண்டுகள் கழித்து, அலெக்சாண்டர் விம்ப்ஃபென் என்ற வணிகர் பணம் செலுத்தி உடலைப் பெற்று வோர்ம்ஸ் நகரில் அடக்கம் செய்தார். பின்னர் அந்த வணிகரையும் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். அந்த இரு கல்லறைகளும் இன்றும் வோர்ம்ஸில் இருக்கின்றன.

மெயிர் இறந்து ஐந்தே ஆண்டுகளில், 1298இல், ரிண்ட்ஃபிளைஷ் என்பவனின் தலைமையில் எழுந்த கும்பல் இந்த வட்டாரமான ஃபிராங்கோனியாவின் ஊர்கள் பலவற்றில் யூதர்களைக் கொன்றது. ரோத்தன்பர்க்கிலும் கொலை நடந்தது. கோட்டைப் பூங்காவில் உள்ள கல் அந்த இறந்தவர்களுக்கானது. உயிர் தப்பியவர்களும் பின்னால் வந்தவர்களும் மீண்டும் ஒரு சமூகமாகக் கூடினர். முதல் மதிலின் அகழியைத் தூர்த்த இடத்தில் அமைந்த தெருவில் குடியிருந்தனர். அந்தத் தெரு இன்னும் யூதர் தெரு என்றே வழங்குகிறது. இடைக்கால யூதக் குடியிருப்பின் வீடுகள் இந்த அளவுக்கு மிஞ்சியிருப்பது ஐரோப்பாவில் அரிது. 1520இல் அவர்களை ஊர் விரட்டியது. 19ஆம் நூற்றாண்டில் திரும்பி வந்து குடியேறிய யூதர்களை, நாடெங்கும் யூதர்களுக்கு எதிரான நவம்பர் வன்முறை வெடிப்பதற்கு முன்பே, 1938 அக்டோபரில் மீண்டும் விரட்டியது. பழைய டொமினிக்கன் கன்னியர் மடத்தில் இயங்கும் நகர அருங்காட்சியகத்தில் யூதக் கல்லறைக் கற்கள் இருக்கின்றன. ஊர் காப்பாற்றப்பட்ட கதையைச் சொல்லும்போது, ஊர் யாரைக் காப்பாற்றவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கருங்கல்

செங்காந்தள் அவர்களுக்கு நன்றி. 1930களில் நாஜிகள் இந்த ஊரைத்தான் மாசுபடாத ஜெர்மானிய ஊரின் முன்மாதிரி என்று கொண்டாடி, தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகச் சுற்றுலாவுக்கு அனுப்பினார்கள். அழகாகக் காக்கப்பட்ட ஊர் என்ற படிமத்தின் மேல் எனக்குள்ள ஐயத்துக்கு அதுவும் ஒரு காரணம். மெக்லாயின் தாய் வீட்டில் வைத்திருந்த படமும் நாஜிகள் விரும்பிய படமும் ஒரே தெருக்களைத்தான் காட்டின.

நோர்ட்லிங்கனை நான் பரிந்துரைத்ததற்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பொறியாளர் ஒருவருக்கு அது எளிதில் கிடைக்காத காட்சி. ஏறத்தாழ 1 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான, 24 கிலோமீட்டர் அளவு குறுக்களவுள்ள பள்ளத்துக்குள் அந்த ஊர் இருக்கிறது. எரிமலைப் பள்ளம் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தனர். 1960இல் யூஜின் ஷூமேக்கரும் எட்வர்ட் சாவோவும் அங்கத்திய கல்லில் கோசைட் என்ற கனிமத்தைக் கண்டனர். மிகப் பெரும் அழுத்தத்தில் மட்டுமே உருவாகும் அதன் இருப்பு, விண்கல் மோதியதை உறுதிசெய்தது. மோதலில் உருகியும் நொறுங்கியும் கலந்து இறுகிய சூவைட் என்ற அந்தக் கல்லைத்தான் வெட்டி எடுத்துப் புனித ஜார்ஜ் ஆலயத்தைக் கட்டியிருக்கிறார்கள். டேனியல் என்று ஊரார் அழைக்கும் அதன் கோபுரம் 90 மீட்டர் உயரம். கீழே நின்று சுவரை அருகில் பார்த்தால், சாம்பல் பச்சை நிறக் கல்லுக்குள் கறுத்த கண்ணாடித் துணுக்குகள் ஒட்டியிருப்பது தெரியும். மேலே ஏறினால் வட்டமான மதிலும், அதற்கு அப்பால் அடிவானத்தில் பள்ளத்தின் விளிம்பாகிய குன்றுகளும் ஒன்றைச் சுற்றி ஒன்றாக நிற்கும். 1970இல் அப்பல்லோ விண்வெளி வீரர்கள் நிலவுக்குப் போகும் முன் பாறைகளை இனங்காணப் பயிற்சி பெற்றது இங்கேதான். இரவு பத்து மணியிலிருந்து நள்ளிரவு வரை அரைமணிக்கொரு முறை கோபுரக் காவலர் மேலிருந்து குரல் கொடுக்கும் வழக்கம் இன்றும் நடக்கிறது.

வைகைக்கரை

இவ்வளவு விரிவான விடைகளை நான் எதிர்பார்க்கவில்லை. அனைவருக்கும் என் நன்றி. அப்பாவிடம் இந்த இழையைத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். குதிரை ஆலையும் நன்கொடைப் பலகைகளும் அவருக்குப் பிடித்துவிட்டன. பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடத்தைத் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்கிறார். ஆகவே ரோத்தன்பர்க்கில் ஓரிரவு தங்குவதாக முடிவு செய்திருக்கிறோம். விண்கல் பள்ளத்தை இலையுதிர் காலத்தில் நானும் கணவரும் போய்ப் பார்ப்போம். அம்மாவைப் பற்றித்தான் கவலை. அப்பா மதில் மேல் நடக்கும்போது அம்மா எங்கே இருப்பது? அவரால் எதையெல்லாம் பார்க்க முடியும்?

நடைவண்டி

அம்மாவுக்கும் நிறைய இருக்கிறது, கவலை வேண்டாம். ரோடர் வாயிலிலிருந்து மார்க்குஸ் கோபுரம், சந்தைச் சதுக்கம், ஹெர்ன் தெரு, கோட்டைப் பூங்கா என்று கிழக்கிலிருந்து மேற்காக ஊரின் குறுக்கே போகும் வழியில் படிகள் இல்லை. ஏற்ற இறக்கமும் அதிகமில்லை. ஆனால், தரை முழுவதும் கல் பாவியது. மெல்லிய அடிப்பகுதி உள்ள செருப்பில் ஒரு மணி நேரத்தில் பாதம் நோகத் தொடங்கும். தடித்த அடி கொண்ட காலணியைப் போட்டுவரச் சொல்லுங்கள். பூங்காவில் இருக்கைகள் உண்டு. அங்கிருந்தே பள்ளத்தாக்கும், கீழே இரண்டு அடுக்கு வளைவுகளோடு ஆற்றைக் கடக்கும் பாலமும், ஊரின் தென்பகுதி மதிலும் தெரியும். எல்லோரும் படமெடுக்கும் ப்ளோன்லைன் சந்திக்குப் போக, தெற்கே சரிவில் இறங்க வேண்டும், திரும்புகையில் அதே சரிவில் ஏற வேண்டும். மெதுவாகப் போனால் முடியும்.

நகர மன்றக் கோபுரத்தில் 220 படிகள். கடைசிப் பகுதி ஏணி போல் செங்குத்தாகி, ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏறலாம் என்ற அளவுக்கு ஒடுங்கிவிடும். அதை அப்பாவும் யோசித்தே செய்யட்டும். உளியோசை அம்மையார் சொன்ன திரு இரத்தப் பீடத்துக்கும் மாடத்துக்குப் படியேறியாக வேண்டும். அம்மா ஒரே ஓரிடத்தில் படியேறுவதென்றால் அதற்காக ஏறலாம். ஹெர்லின் ஓவியம் கீழ்த்தளத்திலேயே இருக்கிறது.

மதிலுக்கு ரோடர் வாயிலின் அருகே கற்படிகளில் ஏறி, தெற்கு நோக்கி நடக்கச் சொல்லுங்கள். கட்டணம் கிடையாது. நடைபாதை குறுகல், எதிரே ஆள் வந்தால் இருவரும் பக்கவாட்டில் திரும்பித்தான் கடக்க வேண்டும். உயரமானவர் என்றால் கூரை உத்தரத்தில் தலை இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிப்பக்கம் சுவரும் அம்புத் துளைகளும். ஊர்ப்பக்கம் திறந்து, மரக் கைப்பிடியோடு இருக்கும். அதனால், அம்மா உள்ளே மதிலை ஒட்டிய சந்தில் கூடவே நடந்து வரலாம். கெர்லாக் பட்டறை வீடு வரை மேலும் கீழுமாகப் பேசிக்கொண்டே போகலாம். மருத்துவமனைக் கொத்தளத்துக்குள் தரைவழியாகவே நுழையலாம் என்பதால் அங்கே மூவரும் சேர்ந்துகொள்ளுங்கள். குதிரை ஆலையும் அங்கிருந்து அருகில்தான்.

அறை பிடிக்கும்போது மின்தூக்கி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். மதிலுக்குள் உள்ள விடுதிகள் பலவும் பழைய வீடுகள். இரண்டாம் மாடி அறைக்குக் குறுகிய மரப்படியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருக்கும். தரைத்தள அறை வேண்டுமென்று எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.